பட்டினியின் வரைபடத்தில் ஓர் ஒட்டு

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு அந்த வரைபடம் மறந்திருக்காது. கிடைக்கோட்டில் முதலில் மணிகள், பாதி வழியில் அவை நாள்களாகின்றன. செங்குத்துக் கோட்டில் உடல் செலவிடும் குளுக்கோஸின் அளவு. சாப்பாட்டிலிருந்து வந்த குளுக்கோஸ் சில மணி நேரத்தில் சரிகிறது. கல்லீரலில் சேர்ந்திருந்த கிளைக்கோஜன் கைகொடுத்து, ஏறத்தாழ ஒரு நாளில் தீர்கிறது. அதன்பின் உடல் தானே புதிதாக ஆக்கும் குளுக்கோஸ் மேலெழுந்து, மெல்லத் தாழ்ந்து, வாரக்கணக்கில் தட்டையாக ஓடுகிறது. பாஸ்டன் மருத்துவர் ஜார்ஜ் கேஹிலின் பெயரோடு அரை நூற்றாண்டாகப் பாடநூல்களில் நிற்கும் இந்த ஐந்து கட்ட வரைபடத்தைத்தான், பட்டினி கிடக்கும் மனித உடல் எதை எரித்து உயிர்வாழ்கிறது என்ற கேள்விக்கான இறுதி விடையாக நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்த விடைக்கு எவ்வளவு தகுதி உண்டு, எந்த எல்லை வரை உண்டு என்பதே இங்கே எடைபோடப்படுவது.

முதலில் அதன் பெருமை. எந்தப் புதிரை அது அவிழ்த்தது என்று தெரியாமல் அந்தப் பெருமையை அளக்க முடியாது. கேஹில் 1970இல் தந்த கையிருப்புக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 70 கிலோ எடையுள்ள மனிதனிடம் கொழுப்பு 15 கிலோ, அதாவது ஏறத்தாழ 1,41,000 கிலோகலோரி. புரதம் 6 கிலோ, அதாவது 24,000. கிளைக்கோஜன் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்தே 225 கிராம்தான், 900 கிலோகலோரி. படுத்திருக்கும் உடலுக்கு நாளொன்றுக்கு 1,800 போதும் என்றால் கொழுப்பு மட்டுமே இரண்டரை மாதம் தாங்கும். ஆனால் மூளைக்குக் கொழுப்பமிலம் உதவாது. அது நாளொன்றுக்கு 100 கிராமுக்கும் மேல் குளுக்கோஸ் கேட்கிறது. கொழுப்பை உடைத்தால் கிளிசரால் வழியாகக் கொஞ்சம் குளுக்கோஸ் கிடைக்குமே தவிர, கொழுப்பமிலம் குளுக்கோஸாகாது. மிஞ்சுவது புரதம். 100 கிராம் குளுக்கோஸ் ஆக்க ஏறத்தாழ 175 கிராம் புரதத்தை உருக்க வேண்டும். 6 கிலோவில் பாதி போனால் உயிர் தாங்காது என்று வைத்தால், 17 நாளில் கதை முடிய வேண்டும். ஆனால் ஒரு மாதமும் அதற்கு மேலும் வெறும் தண்ணீரில் இருந்தவர்களின் பதிவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கிடக்கின்றன. கணக்குக்கும் கண்ட உண்மைக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தும், அதை இடைவெளி என்று உரக்கச் சொன்னவர்கள் குறைவு.

ஆலிவர் ஓவனும் கேஹிலும் அவர்கள் குழுவினரும் 1967இல் வெளியிட்ட ஆய்வு அந்த இடைவெளியை நேரடியாக அளந்தது. உடல் பருமனுக்குச் சிகிச்சையாக ஐந்தாறு வாரம் உண்ணாமல் இருந்த மூன்று பேர். ஒரு நுண்குழாய் தமனிக்குள்; இன்னொன்று கழுத்துச் சிரை வழியாக மேலேறி, மண்டையோட்டின் அடியில், மூளையை விட்டு இரத்தம் வெளியேறும் வாயிலில் போய் நின்றது. உள்ளே போகும் இரத்தத்தையும் வெளியே வரும் இரத்தத்தையும் ஒரே நேரத்தில் எடுத்து, குளுக்கோஸ் எவ்வளவு குறைந்தது, ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது, பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற கீட்டோன் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தார்கள். விடை ஐயத்துக்கு இடமின்றி வந்தது. மூளையின் எரிபொருளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கீட்டோன்கள். நீரிழிவு மயக்கத்தின் நச்சுக் கழிவு என்று மருத்துவம் அதுவரை அஞ்சிய பொருள், பட்டினியில் மூளையின் முதன்மை உணவாக இருந்தது.

முறையைப் பற்றி ஒரு சொல். மூன்றே பேரை வைத்து மனித இனத்துக்கே விதி சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம், ஆனால் இங்கே அது குறியைத் தொடவில்லை. நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் ஒரு வேறுபாட்டைத் தேடினால் மூன்று பேர் போதாது. மூளை இன்னொரு எரிபொருளுக்கு மாறுகிறதா இல்லையா என்று தேடினால் ஒருவரே போதும், மற்ற இருவரும் உறுதிப்பாடு. ஊகத்தின் மேல் ஊகம் அடுக்காமல், ஐயம் எந்த உறுப்பின் மேலோ அந்த உறுப்பின் வாசலிலேயே போய் அளந்ததுதான் இந்த ஆய்வின் அறிவு நேர்மை. பட்டினி பற்றிய எழுத்தில் இதற்கு இணையான பரிசோதனை வேறு இல்லை என்றே சொல்வேன்.

அதன்பின் வந்தவை இந்த மையத்தோடு முரணின்றிப் பொருந்தின. இன்சுலின் தாழ்வதால் கொழுப்புத் திசு கதவு திறக்கிறது. கல்லீரல் அந்தக் கொழுப்பமிலத்தைக் கீட்டோனாக்குகிறது. தசையிலிருந்து அலனின் என்ற அமினோ அமிலம் கல்லீரலுக்கு வருவது நாளடைவில் குறைவதால், குளுக்கோஸ் ஆக்கமும் குறைகிறது. இதைக் காட்டியது பிலிப் ஃபெலிக்கின் பங்களிப்பு. நீண்ட பட்டினியில் கல்லீரலோடு சிறுநீரகமும் குளுக்கோஸ் ஆக்கத்தில் கிட்டத்தட்டச் சம பங்கு ஏற்கிறது என்று 1969இல் அதே குழு காட்டியது. சேரும் அமிலத்தை அம்மோனியமாக வெளியேற்றும் வேலையும் அதே சிறுநீரகத்துக்குத்தான் என்பதால், இரண்டும் ஒரே வேதிப் பாதையில் கைகோக்கின்றன. 1972இல் எர்ன்ஸ்ட் டிரெனிக் குழு இன்னும் துணிச்சலான சோதனை செய்தது. இரண்டு மாதம் உண்ணாதிருந்தவர்களுக்கு இன்சுலின் ஏற்றி, இரத்தக் குளுக்கோஸை 100 மில்லிலிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை இறக்கியும், மயக்கமோ வலிப்போ வரவில்லை. சாப்பிட்ட உடலில் அந்த அளவு மரண எல்லை. கேஹிலின் கொள்கைக்கு இதைவிடக் கடுமையான தேர்வு இருக்க முடியாது. அதில் அது தேறியது. மூளை கேட்கும் குளுக்கோஸ் நாளொன்றுக்கு 40 கிராம் அளவுக்கு இறங்கினால், உருக வேண்டிய புரதமும் அதற்கேற்ப இறங்கும். புதிர் அவிழ்ந்தது.

இனி குறை. பாடநூல் வரைபடத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே உடலிலிருந்து வந்தவை அல்ல. முதல் சில நாள்களின் கோடு சாதாரண உடல்வாகு கொண்டவர்களை ஒரு வாரம் பட்டினியாக வைத்துப் பெற்றது. வாரக்கணக்கில் நீளும் தட்டைக் கோடு பருமனானவர்களிடமிருந்து பெற்றது. இரண்டையும் சேர்த்து ஒரே மனிதனின் பயணம் போல வரைந்திருக்கிறார்கள். சேர்த்ததில் ஏமாற்று எதுவும் இல்லை. மெலிந்த மனிதனை ஆறு வாரம் பட்டினி போட்டு ஆராய எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை. பருமனானவரிடம் மட்டுமே அந்த ஆய்வு சாத்தியம். ஆனால் ஒட்டு இருக்கிறது என்பதை வரைபடம் சொல்வதில்லை. அந்த மௌனம் விளைவுடையது.

விளைவைக் காண, கேஹிலுக்கு அரை நூற்றாண்டு முந்தைய ஆவணத்துக்குப் போக வேண்டும். 1912 ஏப்ரலில் தொடங்கி, பாஸ்டனில் கார்னகி நிறுவனத்தின் ஊட்டச்சத்து ஆய்வகத்தில், மால்டாவிலிருந்து வந்த அகஸ்டினோ லெவன்சின் 31 நாள் வாலைவடிநீர் மட்டும் குடித்து இருந்தார். இரவில் கலோரிமானிப் பெட்டிக்குள்ளேயே படுக்கை. மூச்சு, சிறுநீர், நாடி, எடை, உடல் வெப்பம் என்று எதையும் விடாமல் அளந்து, ஃபிரான்சிஸ் பெனடிக்ட் 1915இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். விளக்கம் என்ற அளவில் அந்த நூல் வறண்டது. எண்கள் நிரம்பி வழிகின்றன, அவற்றைக் கோக்கும் கருத்து இல்லை. கீட்டோனைச் சிறுநீரில் அளந்தும், அது யாருக்கு உணவாகிறது என்று பெனடிக்ட் கேட்கவில்லை. ஆனால் அளவு என்ற தகுதியில் அது இன்றும் அசையாதது. லெவன்சின் 60 கிலோவில் தொடங்கி 47 கிலோவில் முடித்தார். அவர் நாளொன்றுக்கு இழந்த நைட்ரஜன் நான்காம் நாளளவில் 12 கிராமை நெருங்கி, பிறகு மெல்ல இறங்கி, 31ஆம் நாளிலும் ஏறத்தாழ 7 கிராமாகவே இருந்தது.

பாஸ்டனின் பருமனான நோயாளிகளில் ஐந்தாறு வாரத்தில் அந்த எண் மூன்று, நான்கு கிராம். ஒரு கிராம் நைட்ரஜன் என்றால் ஆறேகால் கிராம் புரதம். லெவன்சின் ஒரு மாத முடிவிலும் நாளொன்றுக்கு 44 கிராம் புரதம் இழந்துகொண்டிருந்தார். பருமனானவர் அதில் பாதியே இழந்தார். கொழுப்பு நிறைய இருக்கும் உடல் புரதத்தைச் சிக்கனமாகக் காக்கிறது, கொழுப்புக் குறைந்த உடல் அவ்வளவு காப்பதில்லை. பின்னாளில் மெலிந்தவர்களையும் பருமனானவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன.

இதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். கேஹிலின் அளவுப்படி 60 கிலோ மனிதனுக்கு 5 கிலோ புரதம், அதில் பாதி இழப்பே எல்லை என்று கொள்வோம். லெவன்சின் சராசரியாக நாளுக்கு 9 கிராம் நைட்ரஜன் இழந்தார் என்று வைத்தால், 31 நாளில் ஒன்றே முக்கால் கிலோ புரதம் போயிற்று. மீதி முக்கால் கிலோ, நாளுக்கு 44 கிராம் வீதம் 17 நாள் வரும். மொத்தம் 48 நாள். 31ஆம் நாளுக்குப் பின் பாடநூல் கோட்டின்படி பாதி வேகத்தில் இழந்தால் 65 நாள். இவற்றை வரலாற்றின் மேல் வைத்துப் பார்ப்போம். 1981இல் வட அயர்லாந்தின் மேஸ் சிறையில் நீரும் உப்பும் மட்டும் ஏற்று உண்ணாநிலை இருந்த பத்து இளைஞர்கள் 46ஆம் நாளுக்கும் 73ஆம் நாளுக்கும் இடையே இறந்தார்கள். 1920இல் அயர்லாந்தின் டெரன்ஸ் மெக்ஸ்வினி 74 நாள் இருந்தார். தமிழ்நாடு என்ற பெயருக்காக விருதுநகரில் 1956 ஜூலையில் தொடங்கிய சங்கரலிங்கனார் எழுபது நாள்களைக் கடந்து அக்டோபரில் உயிர்நீத்தார். நீரையும் மறுத்த திலீபன் 1987 செப்டம்பரில் நல்லூரில் பன்னிரண்டாம் நாளில் இறந்தார். அங்கே எரிபொருள் கணக்குக்கு இடமே இல்லை, நீர் முடிவு செய்தது.

ஆக, கேஹிலின் அடிப்படை மெலிந்த உடலுக்கும் பொருந்துகிறது. கீட்டோன் மாற்றம் இல்லையென்றால் இவர்களில் எவரும் மூன்றாம் வாரத்தைத் தாண்டியிருக்க முடியாது. ஆனால் நாள் எண்ணிக்கை இவ்வளவு பரந்து விரிந்திருப்பதை ஒற்றைத் தட்டைக் கோடு காட்டாது. ஒருவர் எத்தனை கொழுப்போடு தொடங்குகிறார் என்பதைப் பொறுத்துக் கோட்டின் சரிவே மாறுகிறது. சிறையில் உண்ணாநிலை இருப்பவரின் படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்கு இது ஏட்டுச் சிக்கல் அல்ல.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது, கேஹிலைவிட அவரை மேற்கோள் காட்டுவோரையே அதிகம் சாரும். உலகில் பட்டினியால் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒன்றும் உண்ணாமல் இருந்தவர்கள் அல்லர். கொஞ்சம் உண்டவர்கள். ஒரு பிடிக் கஞ்சி, கிழங்கு, கீரை என்று மாதக்கணக்கில் அரைவயிறு கிடந்தவர்கள். இந்த உடலின் வேதியியல் வேறு. இரண்டாம் உலகப் போரில் கடலில் தத்தளிக்கும் உயிர்காப்புப் படகுகளுக்கு எந்த உணவு வைக்கலாம் என்று ஜேம்ஸ் கேம்பிள் செய்த ஆய்வில், நாளுக்கு 100 கிராம் குளுக்கோஸ் தந்தாலே பட்டினியின் புரத இழப்பு பாதியாகக் குறைந்தது. கீட்டோன் பெருக்கமும் அடங்கியது. கூழில் இருக்கும் மாவுச்சத்தே போதும், கேஹில் வரைந்த மாபெரும் எரிபொருள் மாற்றம் நிகழாமல் போக. முழுப்பட்டினி கிடப்பவருக்குச் சில நாளில் பசி மட்டுப்படுவதும், அரைப்பட்டினி கிடப்பவருக்குப் பசி நாளுக்கு நாள் மூர்க்கமாவதும் பல பதிவுகளில் உண்டு. இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் பாடமாக்குவது பிழை.

அரைப்பட்டினிக்கான அளவுகோல் நூல் ஆன்செல் கீஸ் குழுவினரின் 1950ஆம் ஆண்டு இரு தொகுதிகள். மினசோட்டாப் பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடியில், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் 24 வாரம் நாளுக்கு ஏறத்தாழ 1,570 கிலோகலோரியில் இருந்தார்கள். ரொட்டி, உருளைக்கிழங்கு, டர்னிப், முட்டைக்கோஸ். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை கட்டாயம். உடல் எடையில் கால்பங்கு போயிற்று. ஓய்வுநிலை வளர்சிதை மாற்றம் ஏறத்தாழ 40 விழுக்காடு இறங்கியது. அந்த இறக்கத்தில் பெரும்பங்கு உடல் சுருங்கியதால் வந்தது, சிறுபங்கே திசுக்களின் சிக்கனத்தால் வந்தது என்று கீஸ் பிரித்துக் காட்டியது இந்நூலின் கூர்மைக்குச் சான்று. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 40க்கும் கீழே போனது. கால் வீங்கியது, தட்டை நக்கினார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். உடல் எரிபொருளைத் தேடுவதற்கு முன் செலவைக் குறைக்கிறது என்பது கேஹிலின் வரைபடத்தில் எங்கும் இல்லாத உண்மை. கீஸின் குறை எதிர்த் திசையில் இருக்கிறது. உறுப்புக்குள் நுழைந்து எது எரிகிறது என்று அவர் பார்க்கவில்லை. 1,400 பக்கத்தை நெருங்கும் நூலில் வருணனை முழுமை, காரணம் மெலிவு.

மினசோட்டாவின் அந்தப் படியளவை நம் மண்ணில் ஏற்கனவே ஒரு முறை சோதித்திருக்கிறார்கள், தன்னார்வம் எதுவுமின்றி. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877 தொடக்கத்தில், பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்தில் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று கூலியை வெட்டினார். ஒரு பவுண்டு அரிசி ஏறத்தாழ 1,600 கிலோகலோரி. மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ், இதில் உழைக்கும் உடல் மெல்ல மெல்லச் சாகும், பருப்பு போன்ற புரத உணவு கட்டாயம் வேண்டும் என்று வாதாடினார். கீஸின் இளைஞர்கள் தூய அறையில், காய்ச்சலின்றி, மருத்துவர் கண்பார்வையில் இருந்து அந்த அளவில் எலும்பும் தோலுமானார்கள். இங்கே அதே அளவு, கல்லுடைக்கும் உடம்புக்கு, காலராவும் அம்மையும் சூழ்ந்த முகாமில். நோய்த்தொற்று வந்தால் உடல் புரதத்தைக் காக்கும் சிக்கனத்தையே கைவிட்டுத் தசையை உருக்கத் தொடங்கும் என்பது இன்று தெளிவு. பஞ்சத்தில் இறப்பவர் பெரும்பாலும் தொற்றால் இறப்பதற்குக் காரணங்களில் இதுவும் ஒன்று. கார்னிஷிடம் கீட்டோனும் இன்சுலினும் இல்லை. ஆனால் எந்த உடல், என்ன வேலை, எந்தச் சூழல் என்று அவர் கேட்ட கேள்விகள் சரியானவை. பின்வந்த ஆய்வுகள் பலவும் அவற்றைக் கேட்க மறந்தன.

அந்தக் கேள்விகளை மறக்க முடியாத இடத்தில் நின்று எழுதியவர்கள் வார்சா கெட்டோவின் யூத மருத்துவர்கள். இஸ்ரேல் மிலெய்கோவ்ஸ்கியின் தலைமையில் 1942 பிப்ரவரியில் தொடங்கிய அந்த ஆய்வு, ஜூலையில் நாடுகடத்தல் தொடங்கியதும் நின்றது. எழுதியவர்களே பட்டினியில் இருந்தார்கள். கையெழுத்துப் படி கெட்டோவுக்கு வெளியே கடத்தப்பட்டு 1946இல் நூலானது. அதற்குள் எழுதியவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டிருந்தார்கள். இரங்கல் வேறு, மதிப்பீடு வேறு என்று பிரித்தே இந்நூலைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் அது தாழ்வதில்லை. வளர்சிதை மாற்றத்தின் வீழ்ச்சி, இரத்த ஓட்டத்தின் தளர்ச்சி, குழந்தைகளின் பட்டினி, கண், பிணக்கூறு என்று அது தொட்ட பரப்பு பெரிது. தோலின் நுண்ணாளங்களை உருப்பெருக்கிக் கண்டு எழுதிய பக்கங்களில் இருக்கும் நிதானம் வியப்புக்குரியது. கட்டுப்பாட்டுக் குழு இல்லை, நீண்ட தொடர் அளவீடு இல்லை, பாதியில் அறுந்த வேலை என்பவை அதன் குறைகள். ஆனால் பஞ்சம் என்ற பொருளின்மேல் நேரடியாகக் கைவைத்த ஆய்வு இதுதான். குளிர், நெரிசல், தொற்று, அச்சம் எல்லாம் தரவுக்குள்ளேயே இருக்கின்றன.

மூன்றாவது குறை: கொழுப்புத் தீர்வதே மரணம் என்று எரிபொருள் மொழி நம்மை நினைக்க வைக்கிறது. 1965-66இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு இறங்கிய ஆங்கஸ் பார்பியரி, மருத்துவக் கண்காணிப்பில், உயிர்ச்சத்துகளோடு 382 நாள் உண்ணாமல் இருந்தார். கொழுப்பு வேண்டிய மட்டும் இருந்தால் காலம் நீளும் என்பதற்கு அவர் சான்று. அதே காலத்தில் அதே சிகிச்சையில் கொழுப்பு மிச்சமிருக்கும்போதே இதயம் நின்று இறந்தவர்களும் உண்டு. புரதம் எரிபொருள் பட்டியலில் ஒரு வரி மட்டும் அல்ல. இதயத்தசையும் மூச்சிழுக்கும் தசையும் அதுதான். இன்னொரு முனையில், 1992-93 சோமாலியப் பஞ்சத்தில் பைடோவாவில் ஸ்டீவ் காலின்ஸ், உடல் நிறை எண் 10க்கும் கீழே இருந்த பெரியவர்கள் பிழைத்ததைப் பதிவு செய்தார். ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 11 என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் சொல்லப்பட்ட மரண எல்லை அங்கே உடைந்தது. மீண்டும் உணவு தரும்போது இன்சுலின் எழுந்து, பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்லுக்குள் இழுக்கப்பட்டு நேரும் மரணத்தை எரிபொருள் வரைபடத்திலிருந்து எவரும் கணித்துச் சொல்லியிருக்க முடியாது. போர்க்கைதிகளை விடுவித்து வயிறார உணவூட்டியபோதுதான் மருத்துவர்கள் அதைக் கண்டார்கள்.

தீர்ப்பு இதுதான். விளக்கும் ஆற்றலில் 1967 ஆய்வும் அதைத் தொடர்ந்த கேஹிலின் கட்டமைப்பும் முதலிடத்தில் நிற்கின்றன. பட்டினி கிடக்கும் மூளை எதனால் உயிர்வாழ்கிறது என்ற கேள்வி அங்கே தீர்ந்தது. மெலிந்த உடலின் புரதக் கணக்குக்குப் பெனடிக்டை விட்டால் வழியில்லை. பஞ்சம் என்ற சொல்லை உச்சரிக்க வேண்டிய இடத்தில் கீஸும் வார்சாவும் பேச வேண்டும், கேஹில் அல்ல. பாடநூலின் அடுத்த பதிப்பில் அந்த ஐந்து கட்ட வரைபடம் இருக்கட்டும். ஆனால் முதல் வாரத்துக்கு அப்பால் கோடு முறிகோடாக வரட்டும்; கீழே இது பருமனான உடலின் அளவு, படுத்திருந்தவர், தொற்று இல்லாதவர், நீரும் உயிர்ச்சத்தும் பெற்றவர் என்று எழுதப்படட்டும்; லெவன்சினின் 7 கிராம் அதே பக்கத்தில் தனிக்கோடாக ஓடட்டும்; அரைப்பட்டினிக்குத் தனி அத்தியாயம் வரட்டும்.